ரமணாசிரமத்தில் மௌனமும் வழிபாடும்

திருவண்ணாமலையிலுள்ள ஸ்ரீ ரமணாசிரமம், பேசாதிருந்து போதித்தவர் என அறியப்படும் ரமண மகரிசியைச் (1879 - 1950) சுற்றி உருவான ஆசிரமம் ஆகும். இவ்வாசிரமத்தின் தனித்தன்மைகளுள் ஒன்று, மௌனத் தியானமும் ஆகம முறைக் கோயில் வழிபாடும் ஒரே வளாகத்தில் அருகருகே நடைபெற்று வருவதாகும். ஒருபுறம் எவ்விதச் சடங்கும் இன்றி அமர்ந்திருப்பதற்கான பழைய கூடம் உள்ளது. மறுபுறம் கருவறை, விமானம், நாள் வழிபாடு ஆகியன கொண்ட மாத்ருபூதேசுவரர் ஆலயம் உள்ளது. மனத்தின் மூலத்தை நாடுவதே நேர்வழி என்று கூறிய ஒருவரின் இருப்பிடத்தில் பூசைக்கும் வேத பாராயணத்துக்கும் இடம் ஏற்பட்டது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள். பௌத்தம் உள்ளிட்ட பிற சமயங்களிலும் எழுந்துள்ள இதே வினாவுடன் இது ஒப்பிடத்தக்கது.

பின்னணி

திருவண்ணாமலை, ஐம்பூதத் தலங்களுள் நெருப்புக்கு உரியதாகக் கருதப்படும் சிவத்தலம். அருணாசலேசுவரர் கோயிலில் நாள்தோறும் ஆறு கால பூசைகள் நடைபெறுகின்றன. கார்த்திகை மாதத்தில் நடைபெறும் பெருவிழாவின் நிறைவில், அதிகாலையில் கோயிலினுள் பரணி தீபமும், மாலையில் சுமார் 2,668 அடி உயரமுள்ள மலையின் உச்சியில் மகாதீபமும் ஏற்றப்படுகின்றன. மலையைச் சுற்றி ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நடந்து வலம் வருதல் கிரிவலம் எனப்படுகிறது.

இவ்வாறு சடங்குகள் செறிந்த இவ்வூர், பேச்சை ஒடுக்கிய துறவியரின் ஊராகவும் நெடுங்காலம் அறியப்பட்டு வந்துள்ளது. மலையிலுள்ள குகைகளில் குகை நமசிவாயர், விரூபாட்ச தேவர் முதலியோர் வாழ்ந்தனர். சைவ மரபில் இவ்விரு போக்குகளும் முரண்பட்டவையாகக் கொள்ளப்படவில்லை. கல்லால மரத்தின் கீழ்ச் சனகாதி முனிவர் நால்வருக்கும் பேசாமலே பொருள் உணர்த்தியவர் என்று போற்றப்படும் தட்சிணாமூர்த்தி, தமிழகச் சிவன் கோயில்களின் தென்புறச் சுவரில் இடம்பெற்று நாள்தோறும் பூசை பெறுகிறார். சொல்லற்ற நிலையையே உபதேசித்த தெய்வத்துக்கு மந்திரம் சொல்லி வழிபாடு செய்யப்படுகிறது. அருணகிரிநாதர், தாயுமானவர் ஆகியோரின் பாடல்களில் வரும் "சும்மா இருத்தல்" என்னும் கருத்தும் கோயில் வழிபாட்டு மரபினுள் நின்றே எழுந்ததாகும்.

சடங்குகளைக் கைவிட்ட தொடக்க காலம்

வேங்கடராமன் என்னும் இயற்பெயருடைய ரமணர் 1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்தார். 1896 ஆம் ஆண்டு மதுரையில் பள்ளி மாணவராக இருந்தபோது திடீரென எழுந்த மரண அச்சமும், அதனைத் தொடர்ந்து உடல் தான் அல்ல என்று உணர்ந்த அனுபவமும் அவர் வாழ்வை மாற்றின. அவ்வாண்டு செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலையை அடைந்து, நேராகக் கோயிலின் கருவறைக்குச் சென்றார். பின்னர் அய்யங்குளத்துக்கு வந்து, எஞ்சியிருந்த பணத்தை நீரில் எறிந்தார், பூணூலை அகற்றினார், தலையை மழித்துக்கொண்டார். மழித்தபின் நீராடுதல் மரபு. அதுவும் வேண்டாமென அவர் விட்டுவிட, அப்போது பெய்த மழையே அவரை நனைத்தது என்று வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. முறைப்படி சந்நியாச தீட்சை எதனையும் அவர் பெறவில்லை. காவி உடை அணியவும் இல்லை.

ஆயிரங்கால் மண்டபம், பாதாள லிங்கம், குருமூர்த்தம், பவழக்குன்று ஆகிய இடங்களில் தங்கிய தொடக்க ஆண்டுகளில் அவர் பெரும்பாலும் பேசவில்லை. இது நோன்பாக ஏற்றுக்கொண்ட மௌன விரதம் அன்று. பேசவேண்டிய தேவை எழவில்லை என்பதே அவர் பின்னர் அளித்த விளக்கமாகும். வாய் மூடியிருக்க மனம் ஓடிக்கொண்டிருப்பது மௌனம் ஆகாது என்பதும், எண்ணம் எழாத நிலையே மௌனம் என்பதும் அவருடைய கருத்து. எனவே அவரைப் பொறுத்தவரை, மௌனத்தையும் வெறும் புற ஒழுக்கமாக்கினால் அதுவும் மற்றொரு சடங்கே ஆகிவிடும்.

விரூபாட்ச குகையில் வாழ்ந்த காலத்தில் (1899 - 1916) சிவப்பிரகாசம் பிள்ளை எழுப்பிய வினாக்களுக்கு எழுத்தாலும் சைகையாலும் அளித்த விடைகளே பின்னர் "நான் யார்?" என்னும் சிறு நூலாயின. அதில் தன்னை விசாரிப்பதே மனம் அடங்கச் சிறந்த வழி எனக் கூறப்படுகிறது. ஆயினும் மூர்த்தி தியானம், மந்திர செபம், உணவு நியமம் ஆகியன மனத்தை அடக்கத் துணைபுரிவன என்ற அளவில் அந்நூலிலேயே ஏற்கப்பட்டுள்ளன. அதே குகையில் வாழ்ந்தபோது, பிச்சைக்குச் செல்லும் சாதுக்கள் பாடிச் செல்வதற்காக அருணாசல அட்சர மணமாலையை அவர் இயற்றினார். 108 கண்ணிகளைக் கொண்ட இப்பாடல் இன்றும் கூட்டாகப் பாடப்படுகிறது.

அன்னையின் சமாதியும் ஆலயமும்

ரமணரின் தாயார் அழகம்மாள் 1916 முதல் மகனுடன் வாழ்ந்தார். பின்னர் மலையிலுள்ள கந்தாசிரமத்தில் இருந்தபோது 1922 மே 19 அன்று காலமானார். அன்று மரபான ஈமச்சடங்குகள் பின்பற்றப்படவில்லை. தீட்டு இல்லை என்று கூறிய ரமணர், உடனிருந்தவர்களை உணவுண்ண அழைத்தார். உடல் எரிக்கப்படாமல், ஞானியருக்குச் செய்வது போல் மலையடிவாரத்தில் பாலி தீர்த்தத்தின் அருகே சமாதி வைக்கப்பட்டது. முத்தி பெற்ற பெண்ணுக்கும் சமாதி வைக்கலாமா என்ற வினா 1917 ஆம் ஆண்டிலேயே காவ்யகண்ட கணபதி முனிவரால் எழுப்பப்பட்டு, தடையில்லை என்ற விடை ரமண கீதையில் பதிவாகியிருந்தது.

வழக்கமான சடங்கு ஒன்று விலக்கப்பட்ட இந்நிகழ்விலிருந்தே புதிய வழிபாடு ஒன்று தோன்றியது குறிப்பிடத்தக்கது. சமாதியின்மீது இலிங்கம் நிறுவப்பட்டது. நாள்தோறும் பூசை செய்ய அன்பர்கள் கந்தாசிரமத்திலிருந்து இறங்கி வந்தனர். அவ்வாண்டு டிசம்பரில் ரமணரும் கீழே வந்து அங்கேயே தங்கிவிட்டார். சமாதியைச் சுற்றி எழுந்த ஓலைக் கொட்டகையே பின்னாளைய ரமணாசிரமத்தின் தொடக்கமாகும். ஆசிரமத்தை அவருடைய தம்பி நிரஞ்சனானந்த சுவாமி சர்வாதிகாரி என்னும் பொறுப்பில் நிருவகித்தார்.

1939 இல் சமாதியின்மீது கற்கோயில் எழுப்பும் பணி தொடங்கியது. வைத்தியநாத ஸ்தபதி இதனை வடிவமைத்தார். கருவறையில் இலிங்கத்துடன் ஸ்ரீசக்கர மேருவும் நிறுவப்பட்டது. குடமுழுக்கு 1949 மார்ச் 17 அன்று நடைபெற்றது. அதற்கு முந்தைய மாதத்தில்தான் ரமணரின் இடக்கையில் தோன்றிய கட்டி முதன்முறையாக அறுவை செய்யப்பட்டிருந்தது. நோயுற்ற நிலையிலும் அவர் குடமுழுக்கு நிகழ்ச்சிகளில் கலந்துகொண்டார்.

கோயிலை எழுப்புமாறு ரமணர் யாரையும் ஏவவில்லை. எழுப்பியவர்களைத் தடுக்கவும் இல்லை. இதனை இருவகையாகப் பொருள்கொள்வர். கேட்பவரின் மனப்பக்குவத்துக்கு இறங்கி வந்த கருணை என்பது ஒரு விளக்கம். தானாக நிகழ்வதில் தலையிடாத இயல்பு என்பது மற்றொன்று. எனினும் குடமுழுக்குக்குப் பின் நிகழ்த்தப்பட்ட ஸ்ரீசக்கர பூசையின்போது அவர் இறுதிவரை அமர்ந்திருந்ததையும், அப்பூசை தொடர்ந்து நடைபெறுவது நல்லது என்று கூறியதையும் மேஜர் சாட்விக் தம் நினைவுக் குறிப்பில் எழுதியுள்ளார். ஆங்கிலேயப் படையதிகாரியாக இருந்து 1935 இல் ஆசிரமத்துக்கு வந்த சாட்விக், 1950 களில் அப்பூசை முறையாக நடைபெற ஏற்பாடு செய்தவர் ஆவார். தியானத்தை நாடி வந்த மேல்நாட்டவர் ஒருவரே தாந்திரிக பூசையின் தொடர்ச்சிக்குக் காரணமானார். வெள்ளிக்கிழமைகளிலும் பௌர்ணமியிலும் தமிழ் மாதப் பிறப்பிலும் இப்பூசை நடைபெறுகிறது.

கூடத்தில் மௌனம்

1920 களின் பிற்பகுதியில் கட்டப்பட்ட பழைய கூடத்தில் ரமணர் இரவும் பகலும் ஒரு சாய்மெத்தையில் இருந்தார். வருவோர் எந்நேரமும் அவரைக் காணலாம் என்பது அங்கிருந்த முறை. நுழைவுத் தீட்சையோ மந்திர உபதேசமோ இல்லை. வினா எழுப்பலாம், எழுப்பாமல் அமர்ந்தும் இருக்கலாம். பலர் வினாக்களுடன் வந்து, அவற்றைக் கேட்காமலே அமைதியுற்றுச் சென்றதாக எழுதியுள்ளனர். சொற்பொழிவு சில மணி நேரம் மனத்தை ஈர்க்கலாம், மௌனத்தின் பயன் நிலையானது என்பது அவர் கருத்து.

இதே கூடத்தில் 1930 களின் நடுப்பகுதி முதல் காலையும் மாலையும் வேத பாராயணம் நடைபெற்றது. மந்திரங்களின் பொருளை அறியாதோர் என்ன செய்வது என்ற வினாவுக்கு, ஓதும் ஒலி மனத்தை அமைதியுறச் செய்து தியானத்துக்கு உதவுகிறது என்ற விளக்கம் அளிக்கப்பட்டது. பாராயண நேரத்தில் ரமணர் நிமிர்ந்து அசையாது அமர்ந்திருப்பார். ஆகவே ஒலியும் மௌனமும் அங்கு வேறு வேறு நேரங்களுக்கு உரியனவாக இல்லை. ஓதுதல் நடைபெறும்போதே அதனைக் கேட்பவர் மௌனத்தில் இருந்தனர்.

சமூகச் சிக்கல்கள்

சடங்கு தனியே வருவதில்லை. யார் செய்யலாம், யார் கேட்கலாம், யார் உடனிருக்கலாம் என்னும் விதிகளும் அதனுடன் வருகின்றன. ரமணாசிரமமும் இதற்கு விலக்கன்று. கோயில் பூசையும் வேதம் ஓதுதலும் அந்தணர் பொறுப்பிலேயே இருந்தன. உணவுக் கூடத்தில் அந்தணருக்குத் தனி வரிசை இருந்தது. பிற்பகல் கழிந்து இருட்டியபின் பெண்கள் ஆசிரமத்தில் தங்க அனுமதி இல்லை.

இதற்கு மாறாக, ரமணர் இருந்த கூடத்தில் சாதி, சமயம், நாடு என்னும் வேறுபாடு பார்க்கப்படவில்லை. வேதம் ஓதப்படும்போது அனைவரும் ஒன்றாக அமர்ந்து கேட்டனர். அக்கால வைதிக வழக்கத்துக்கு இது மாறானது. உணவுக் கூடத்திலும் ரமணர் இரு பகுதியினருக்கும் பொதுவான இடத்தில் அமர்ந்து, எல்லோருக்கும் பரிமாறப்பட்டதையே உண்டார். பல ஆண்டுகள் விடியலுக்கு முன்பே எழுந்து சமையலறையில் காய் நறுக்கினார். தமக்கு எனத் தனிச் சலுகை எதனையும் ஏற்காத இந்நடத்தை, விதிகளை முற்றிலும் அகற்றாவிடினும் அவற்றின் கடுமையைக் குறைத்தது.

உபதேச உந்தியார் கூறும் படிநிலை

செயலுக்கும் தியானத்துக்கும் உள்ள உறவை ரமணர் முறையாக விளக்கிய நூல் 1927 இல் இயற்றிய உபதேச உந்தியார் ஆகும். முப்பது பாடல்களைக் கொண்ட இந்நூலின் பின்னணியே சடங்கு பற்றியது. தாருகவனத்து முனிவர்கள் கருமமே போதும் என்று எண்ணி வேள்வி செய்து செருக்குற்றனர். சிவபெருமான் அவர்களைத் திருத்தினார் என்பது புராணக் கதை. இதனைப் பாடிய முருகனார், சிவனின் உபதேசப் பகுதியை மட்டும் ரமணரே இயற்றவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

நூலின் கருத்தோட்டத்தைப் பின்வருமாறு தொகுக்கலாம்:

1. செயலின் பயன் அழியக்கூடியது. பயன் கருதிச் செய்யும் செயல் மேலும் செயலிலேயே ஆழ்த்தும், விடுதலை தராது.
2. பயன் கருதாது இறைவனுக்கு உரியதாக்கிச் செய்யும் செயல் மனத்தைத் தூய்மையாக்கி வழிகாட்டும்.
3. பூசை உடலாலும், செபம் வாக்காலும், தியானம் மனத்தாலும் செய்யப்படுவன. இவை முறையே ஒன்றைவிட ஒன்று உயர்ந்தவை.
4. உலகின் எட்டு வடிவங்களையும் இறைவடிவாக எண்ணி வழிபடுவது நல்ல பூசை.
5. உரக்கத் துதிப்பதினும் மெல்ல ஓதுதலும், அதனினும் மனத்துள் எண்ணுதலும் சிறந்தவை. விட்டுவிட்டு எண்ணுவதினும் இடையறாது எண்ணுதல் சிறந்தது.
6. எண்ணம் எழுந்த இடத்திலேயே ஒடுங்கி நிற்றலே கருமம், பக்தி, யோகம், ஞானம் ஆகிய அனைத்தும் ஆகும்.

இதன்படி பூசை தவறு அன்று, முடிவும் அன்று. அது ஏணியின் கீழ்ப்படி. எனினும் கீழ்ப்படியில் நிற்பவரை இகழ்வதற்கு இந்நூல் இடம் தரவில்லை. கண்டிக்கப்படுவது செயலன்று, செயலே போதும் என்னும் செருக்கு.

கிரிவலத்தை இவ்விரண்டும் இணையும் இடமாகக் கொள்ளலாம். அது உடலால் செய்யப்படும் வலம் வருதல். ஆனால் விரைவின்றி, பேச்சின்றி அல்லது நாமம் ஓதியபடி நடக்கவேண்டும் என்பதால் நடையே தியானமாகிறது. ரமணர் 1926 ஆம் ஆண்டளவு வரை அன்பர்களுடன் கிரிவலம் வந்தார். அதன் பின்னரும் பிறரைக் கிரிவலம் செல்லுமாறு ஊக்குவித்தார்.

பௌத்தத்துடன் ஒப்பீடு

ஆசிரமத்துக்கும் பௌத்தருக்கும் நேரடித் தொடர்பும் உண்டு. 1931 இல் பால் பிரண்டன் முதன்முறையாக ரமணரைக் காண வந்தபோது, உடன் வந்தவர் பிக்கு பிரக்ஞானந்தர் என்னும் ஆங்கிலேய பௌத்தத் துறவி. திபெத்திய இறப்பு நூலின் ஆங்கிலப் பதிப்பால் அறியப்பட்ட இவான்ஸ் வென்ட்ஸ் 1935 சனவரியில் வந்தார். தியான இருக்கைக்காகப் புலி, மான் ஆகியவற்றைக் கொன்று தோல் எடுப்பது முறையா என்று அவர் வினவியபோது, மனமே புலியும் மானும் என்ற பொருள்பட ரமணர் விடையளித்தார்.

சடங்கு பற்றிய வினா பௌத்தத்தில் தொடக்கம் முதலே உள்ளது. விடுதலைக்குத் தடையாகத் தேரவாதம் கூறும் பத்துத் தளைகளுள் ஒன்று, நோன்புகளையும் சடங்குகளையும் பற்றிக்கொள்ளுதல். பாலி மொழியில் இது சீலப்பத பராமாசம் எனப்படும். விடுதலைப் பாதையின் முதற்படியான சோதாபன்ன நிலையிலேயே இத்தளை அறுபடும். குளத்தில் எறிந்த கல்லை மிதக்குமாறு ஊரார் கூடி வேண்டினாலும் அது மிதக்காது என்ற உவமையும் பாலி நூல்களில் உள்ளது. ஆனால் இங்கும் தளை எனப்படுவது பற்றுதலே, செயல் அன்று. இலங்கையின் விகாரைகளில் மலர் படைத்தல், எண்ணெய் விளக்கேற்றல், போதி மர வழிபாடு, பிரித் ஓதுதல் ஆகியன இன்றும் நடைபெறுகின்றன. மலர் வாடுவதைக் கண்டு நிலையாமையை எண்ணுதல் அவ்வழிபாட்டின் பகுதியாகவே கற்பிக்கப்படுகிறது. அங்குத் துறவியரிடையே ஊர் விகாரைகளில் வாழ்வோர், வனத்தில் தியானிப்போர் என்ற பிரிவும் நெடுங்காலமாக உள்ளது.

காஞ்சியிலிருந்து சீனம் சென்றவர் என்று ஒரு மரபால் கூறப்படும் போதிதர்மர், ஒன்பது ஆண்டுகள் சுவரை நோக்கி அமர்ந்திருந்தார் என்பது சென் பௌத்தக் கதை. கோயில்கள் பல எழுப்பிய லியாங் பேரரசன் வூவிடம், அவற்றால் புண்ணியம் ஏதுமில்லை என்று அவர் கூறியதாகவும் அக்கதை சொல்லும். ஆயினும் அவரைத் தம் மூலகுருவாகக் கொண்ட சப்பானியச் சென் மடங்களில் மணி ஒலித்தல், வணங்குதல், சூத்திரம் ஓதுதல், உண்ணும் முறை ஆகிய அனைத்தும் நுணுக்கமாக வகுக்கப்பட்டுள்ளன. தோகன் (1200 - 1253) அமர்ந்திருத்தலை முதன்மையாக்கியதோடு, சமையல் செய்வோருக்கான ஒழுங்கையும் எழுதினார்.

ஒப்புமைக்கு எல்லையும் உண்டு. ரமணர் நாடச் சொன்னது ஆன்மாவை. பௌத்தம் அனாத்மம் பேசுகிறது. மேலும் கோயிலிலுள்ள இலிங்கத்தை இறைவனாகவே வழிபடும் சைவ நிலையும், புத்தரை வழிகாட்டியாக வணங்கும் தேரவாத நிலையும் ஒன்றல்ல. ஒத்திருப்பது நடைமுறையே: இரண்டிலும் சடங்கு மனத்தை ஒருமுகப்படுத்தும் கருவியாக ஏற்கப்படுகிறது, அதனைப் பற்றிக்கொள்வது தடையாகக் கருதப்படுகிறது.

1950 க்குப் பின்

ரமணர் 1950 ஏப்ரல் 14 இரவு மறைந்தார். அவ்வேளையில் வெளியே கூடியிருந்த அன்பர்கள் அருணாசல அட்சர மணமாலையைப் பாடிக்கொண்டிருந்தனர். அவரது உடல் தாயாரின் ஆலயத்துக்கு அருகிலேயே சமாதி வைக்கப்பட்டு, அதன்மீதும் இலிங்கம் நிறுவப்பட்டது. சமாதி மண்டபத்தின் குடமுழுக்கு 1967 இல் நடைபெற்றது.

பேசாத ஒருவர் இருந்தவரை, அவரைச் சுற்றி நிகழ்ந்த சடங்குகளுக்கு அவரது இருப்பே பொருள் தந்தது. அவர் மறைந்தபின் மௌனத்தை எவ்வாறு தொடர்வது என்பது உண்மையான சிக்கலாக இருந்தது. சில அன்பர்கள் ஆசிரமத்தை விட்டு நீங்கினர். ரமணர் தமக்குப் பின் குரு ஒருவரை நியமிக்கவில்லை. எஞ்சியவை இடமும் பாடல்களும் நாள் ஒழுங்கும் மட்டுமே. காலை மாலை வேத பாராயணம், மாலையில் ரமணரின் தமிழ் நூல்களை ஓதுதல், இரு சமாதிகளிலும் பூசை, பழைய கூடத்தில் மௌனம் என அவ்வொழுங்கு தொடர்ந்து வருகிறது. சிறுவர்கள் பயிலும் வேத பாடசாலை ஒன்றும் ஆசிரமத்தில் இயங்குகிறது.

தியானம் செய்வோருக்கு ஆண்டுதோறும் நாள்தோறும் மாறாத ஓர் இடத்தையும் நேரத்தையும் இச்சடங்குகள் காத்து வருகின்றன. பூசை செய்வோருக்கோ, அச்சடங்கு எதனை நோக்கியது என்பதைப் பழைய கூடத்தின் மௌனம் நினைவூட்டுகிறது. கார்த்திகை தீபத்தன்று இவ்விரண்டையும் ஒருங்கே காணலாம்: மலையுச்சியில் மகாதீபம் ஏற்றப்படும் அதே வேளையில் ஆசிரமத்திலும் தீபம் ஏற்றி அட்சர மணமாலை பாடப்படுகிறது.